சாமிக்கு ஏன் இந்த அடியாள் வேலை?

இலங்கையின் கந்தளாய்க் குளக்கட்டுப் பக்கம் பிள்ளைகளை மிரட்டுவதில் மூன்று சமூகங்களும் ஒற்றுமை. தமிழ் வீட்டில் தண்ணீருக்குள் பேய், முஸ்லிம் வீட்டில் சைத்தான், சிங்கள வீட்டில் பிள்ளைபிடிக்கும் கோணிபில்லா. காணி, தண்ணீர் என்று வந்தால்தான் சண்டை.

இந்தக் குளத்துக்குப் பேய் தேவையே இல்லை. குளக்கோட்டன் என்ற மன்னன் பூதங்களை ஏவிக் கட்டினான் என்பது ஐதீகம். 1986 ஏப்ரல் 20 விடியுமுன் அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது எந்தப் பூதமும் அணைக்கு முட்டுக்கொடுக்க வரவில்லை. நடந்ததைச் சொன்னாலே பிள்ளை தண்ணீரை மதிக்கும்.

பேய் இல்லையென்று பெரியவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ‘நான்தான் வேண்டாம் என்கிறேன்’ என்று சொல்லத் துணிவில்லை. பிள்ளையின் கோபம் பேய்மீது போகட்டும், நாம் நல்லவர்களாக இருப்போம் என்ற கணக்கு. பக்தர்கள் இன்னும் ஒருபடி மேல்: பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்துமாம். நாலு வயதுப் பிள்ளையின் கண்ணைக் குத்துகிறவரைக் கருணைக்கடல் என்று அதே வாயால் எப்படிப் பாடுகிறார்கள்? நாத்திகன்கூடச் சாமியை இவ்வளவு இழிவாகப் பேசியதில்லை.

பத்து வயதில் பேய் பொய்யென்று பையன் கண்டுபிடிப்பான். அன்றைக்கே குளத்தில் குதிப்பான். பேயே இல்லையென்றால் பயமெதற்கு? அவன் தர்க்கத்தில் பிழை சொல்ல முடியாது.

கேள்வி வேடம் போட்ட கட்டளையும் பொய்தான். ‘ராசா, ஃபோனை வைப்பமா?’ ‘மாட்டன்.’ கேட்டதற்குப் பதில் சொன்னவனுக்கு முதுகில் ஒன்று விழுகிறது. பள்ளிக்கூடப் பிரம்பைக் கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை போட்டுத் தடுத்தது. வீட்டுப் பேய்க்குச் சுற்றறிக்கை ஏது?

பேய்க்குப் பதில் இப்படிச் சொல்லுங்கள்: ‘பெரியாக்கள் இல்லாம குளத்தில இறங்க ஏலாது. துருசடியில ஆழம். உனக்கு இன்னும் நீந்தத் தெரியாது.’ இவ்வளவுதான். குரல் உயர வேண்டாம். அழுதால் அழட்டும், இறங்கத்தான் தடை, அழத் தடையில்லை. ‘ஆசைதான், தெரியும். இண்டைக்கு ஏலாது’ என்று பக்கத்தில் நில்லுங்கள். திரும்பக் கேட்டால் திரும்ப அதே சொல். புதுப்புதுக் காரணம் அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் மறுப்பு வைத்திருப்பான். மீறி ஓடினால் கையைப் பிடித்துக் கரையேற்றுங்கள், அடி வேண்டாம்.

நீந்தப் பழகியதும் அவனே வந்து நிற்பான்: ‘இப்ப எனக்கு நீந்தத் தெரியுமே?’ அப்போது தடையைத் தளர்த்தத்தான் வேண்டும், எதுவரை போகலாம் என்று அவனோடு பேசி.