பூட்டாமல் விட்ட கதவு

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நால்வகைத் தானங்களை நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். ஔடதம் அளிப்பதையே கடமையாகக் கொண்ட ஒருவரிடம் ஒருநாள் அபயமும் வேண்டப்படுகிறது. அதைச் சட்டத்தை மீறியே தர இயலும். அவர் யாது செய்வது அறமாகும்?

இவ்வினாவை நம்முன் வைப்பது, 2005-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'பிரிசன் பிரேக்' என்னும் தொலைக்காட்சித் தொடர். கொலையும் வன்முறையும் மலிந்த தொடர் நமக்கு எதற்கு என்று பெரியோர் வினவக்கூடும். நம் பிள்ளைகள் பார்க்கும் கதையிலும் அறவினா இருக்குமாயின், அதை அவர்களோடு ஆராய்வது நம் கடமையே.

இல்லினாய் மாநிலச் சிறையொன்றின் மருத்துவர் சாரா. அம்மாநில ஆளுநரின் மகள். அங்கே லிங்கன் என்பவன், தான் செய்யாத கொலைக்காக மரண தண்டனையை எதிர்நோக்கியிருக்கிறான். அவனை மீட்க, தம்பி மைக்கேல் வேண்டுமென்றே குற்றம் புரிந்து அதே சிறைக்கு வருகிறான். சிறை மருத்துவமனையில் காவல் குறைவு என்பதை அறிந்து, நீரிழிவு நோயாளிபோல் நடித்து, நாள்தோறும் இன்சுலின் ஊசிக்கு வருகிறான். அந்த இன்சுலின் தன்னைத் தாக்காதிருக்க வேறொரு மருந்தை மறைவில் உட்கொள்கிறான். சாரா நல்லெண்ணத்தோடு அளித்த மருந்தே பொய்க்குக் கருவியாகிறது.

லிங்கன் குற்றமற்றவனாக இருக்கலாம் என்று உணர்ந்த சாரா, முதலில் நேர்வழியிலேயே முயன்றார். வழக்கின் விவரங்களைத் தந்தையிடம் எடுத்துரைத்துக் கருணை வேண்டினார், தந்தை மறுத்தார். ஆராயாத தண்டனையின் தீமையைச் சிலப்பதிகாரத்தின் வழி அறிந்த நமக்கு அவர் வேதனை நன்கு விளங்கும். இறுதியில் மைக்கேல் தன் திட்டத்தை வெளிப்படுத்தி, ஓரிரவு மருத்துவமனைக் கதவைப் பூட்டாமல் விடுமாறு கேட்டான். சாராவும் அவ்வாறே விட்டுச் சென்றார்.

இது அறமா? தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கொல்லாமை விரதத்தின் அதிசாரங்களைக் கூறுமிடத்து, பிற உயிரைக் கட்டுதலை முதலில் வைக்கிறது. குற்றமற்றவனைக் கட்டிவைப்பது இம்சை எனில், அவன் கட்டை அவிழ்ப்பது அபயமேயாகும். அதே அத்தியாயம், அரசின் ஆணையை மீறுதலைக் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. எனினும் அது பொருளாசையால் நேரும் மீறலாகவே கொள்ளப்படுவது. சாராவிடம் பொருளாசை இல்லை. இதுவரை அவர் பக்கமே நியாயம் நிற்பதாகத் தோன்றுகிறது.

ஆனால் நம் தருமம் செயலை மட்டும் நோக்குவதன்று. செயலின் பின்னுள்ள பரிணாமத்தையும் நோக்குவது. சாராவுக்கு மைக்கேலிடம் காதல் அரும்பியிருந்தது. அச்சிறையில் வேறொரு நிரபராதி, அன்பு காட்டாதவன், அழகில்லாதவன், அதே வேண்டுகோளை விடுத்திருந்தால் கதவு திறந்திருக்குமா? திறந்திருக்கும் எனில் அது கருணை. திறந்திராது எனில் அது ராகம். ராகமும் கருணையின் ஆடையை உடுத்தி வரும். அணிந்தவருக்கே வேறுபாடு தெரியாது.

ராகம் கண்ணை மறைக்கும்போது பிரமாதம், அதாவது விழிப்பின்மை, உடன் வருகிறது. ஒருவனுக்காகத் திறந்த கதவின் வழியே எண்மர் தப்பினர். அவருள் பாக்வெல் என்பவன் கொடிய கொலையாளி. வெளியேறிய பின், துண்டிக்கப்பட்ட தன் கையைப் பொருத்தித் தந்த கால்நடை மருத்துவரையே அவன் கொன்றான். சிறை மருத்துவர் காட்டிய இரக்கத்தின் விலையை, முன்பின் அறியாத மற்றொரு மருத்துவர் செலுத்தினார். சாரா அதை எண்ணவில்லை. எனினும் எண்ணிப் பார்க்க வேண்டியவர் அவரே. விழிப்பின்மையோடு கூடிய உயிர்க்கேட்டை இம்சை என்றே நம் ஆகமம் உரைக்கிறது. லிங்கன் பிழைத்ததில் புண்ணியமும், கதவைக் காவாது சென்றதில் பாவமும், ஒன்றையொன்று அழிக்காமல் தனித்தனியே வினையாய் வந்து சேரும்.

அன்றிரவே சாரா, தாம் முன்பு விட்டொழித்த மார்ஃபினை மிகையாக ஏற்றிக்கொண்டு சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். கலக்கத்தில் தன்னுயிரை வதைப்பதும் இம்சையே. குற்றத்தை ஒளிக்காமல் உரைக்கும் ஆலோசனையும், அதினின்று மீளும் பிரதிக்கிரமணமும் அன்றோ நமக்குக் காட்டப்பட்ட வழிகள்!

சிறைக்கதவின் சாவி நம் கையில் இல்லை. ஆயினும் பரிந்துரைக் கடிதம், கையொப்பம், சாட்சி, பதவி என்னும் சிறு சாவிகள் நம் அனைவரிடமும் உள்ளன. உறவினர்க்காக அவற்றைத் திருப்பும்போது அதை இரக்கம் என்றே அழைக்கிறோம். உறவல்லாதவர்க்கும் இதைச் செய்வோமா, இக்கதவின் வழியே வேறு யார் நுழைவர் என்னும் இரு வினாக்களை எழுப்பிய பின்னரே சாவியைத் தொடுவோமாக. அபயம் அளிக்கும் கை விழித்திருக்கும் கையாகவும் இருத்தல் வேண்டும்.