தனித்து விளையாத பயிர்

மனிதன் கடவுளைத் தேடித் தனியே நடக்க வேண்டுமா, சக மனிதரோடு சேர்ந்து நடக்க வேண்டுமா? இவ்வினாவுக்குக் கிறிஸ்தவம் தன் பிறப்பிலேயே விடை கூறிவிட்டது. எருசலேமின் முதற் சபையார் தம் உடைமைகளைப் பொதுவில் வைத்தனர். அவரவர் தேவைக்கேற்பப் பகிர்ந்தனர். ஒன்றாக அமர்ந்து அப்பம் பிட்டு உண்டனர். அப்போஸ்தலர் நடபடிகள் தரும் சித்திரம் இது. இந்த ஆதிச் சபையை ஆராய்ந்த எங்கெல்ஸ், அடிமைகளும் ஏழைகளும் கண்ட அவ்வியக்கத்துக்கும் தற்காலத் தொழிலாளர் இயக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க ஒற்றுமைகள் உண்டென 1894இல் எழுதினார். ஆதலால், கூடி வாழ்வதன் மூலம் விசுவாசம் வளருமா என்ற கேள்வி கோயிற் சுவர்களுக்குள் மட்டும் அடங்குவதன்று. கொள்கைப் பிடிப்புள்ள எவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

மன்னாரின் சரித்திரம் இங்கே நமக்குத் துணை நிற்கிறது. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டனர், வழிபாடு தடுக்கப்பட்டது. கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்தது 1687இல். இடைப்பட்ட ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்த விசுவாசத்தைக் காத்தவர் யார்? மூப்பரும் அண்ணாவிமாருமாகிய சாதாரண மக்களே. வீடுகளில் கூடிச் செபித்தனர், பிள்ளைகளுக்குப் போதித்தனர், இறந்தோரைச் சேர்ந்து அடக்கம் செய்தனர். 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் சென்றன என்பது மடுத் திருப்பதியின் மரபு. தனித்தனியே ஓடியிருந்தால் அவர்கள் வெறும் அகதிகள். சேர்ந்து சென்றமையால் ஒரு சபையாயினர்.

ஆனால், கூடுவது எல்லாம் நன்றாகிவிடுமா? திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தைப் பார்ப்போம். 1872இல் எழுந்த அவ்வாலயம் சாதிக்கொரு பகுதியாக, நடுவே சுவரோடு அமைந்தது. ஒரே பீடம், ஒரே பூசை, ஒரே நற்கருணை. ஆயினும் ஒரு சாதியார் மற்றவரின் முகத்தைக் காணாமலே வழிபட்டனர். 1910இலேதான் அச்சுவர் இடிந்தது. சுவரின் ஒவ்வொரு புறத்திலும் நெருக்கமான உறவு இருந்தது என்பதை மறக்கலாகாது. கலியாணத்துக்குக் கூடினர், சாவுக்கு அழுதனர், நோன்பிருந்தனர். அந்த நெருக்கமே சுவருக்குச் சாந்தாயிற்று. நம்மைப் போன்றோரோடு மட்டும் நெருங்குவதால் வளர்வது விசுவாசமன்று. நம்மைப் பற்றி நாமே கொண்ட மதிப்புத்தான்.

இதற்கு மாறான ஒரு முயற்சி 1921இல் திருப்பத்தூரில் தொடங்கியது. ஜேசுதாசன் என்ற தமிழ் வைத்தியரும், பேற்றன் என்ற ஸ்கொத்லாந்து வைத்தியரும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். தமிழர் பெரியண்ணன், வெள்ளையர் சின்னண்ணன். ஏகாதிபத்தியம் உச்சத்தில் நின்ற காலத்தில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் காதில் அந்த முறைப்பெயர்கள் எவ்வாறு ஒலித்திருக்கும்! ஒரே கூரையின் கீழ் எளிய உணவும் கதருமாக நோயாளரைப் பேணி வாழ்ந்த அந்த வாழ்க்கை சின்னண்ணனை எங்கே கொண்டு சென்றது? 1932இல் சென்னையில் அந்நியத் துணி மறியலின்போது, தம் இனத்தாரின் ஆட்சியைக் காத்த பொலிசாரிடமே அவர் அடிபட்டார். பிரசங்கம் கேட்டு அவர் அங்கே சென்றடையவில்லை. யாரோடு உண்டாரோ, அவர்களுடைய நியாயம் அவருடைய நியாயமாயிற்று.

இனி முருங்கனுக்கு வருவோம். அருவியாற்றின் நீர் தேக்கத்தில் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்தை அடைகிறது. அங்கிருந்து சிறு குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் பிரிகிறது. மேல்வயற்காரன் மடையைத் தனக்கென்றே திறந்து வைத்தால் கீழ்வயல் காயும். ஆகவே விதைப்புக்கு முன் கமக்காரர் கூட வேண்டும்; வாய்க்காலைச் சேர்ந்து துப்புரவாக்க வேண்டும்; முறை வைத்து நீர் பாய்ச்ச வேண்டும். இந்துவும் கத்தோலிக்கரும் முஸ்லிமும் ஒரே நீரில் பயிர் செய்த மண் அது. மெதடிஸ்த திருச்சபை தன் ஜீவோதயம் பண்ணையை அங்கே நிறுவியது பொருத்தமானதே. மண்ணைத் தொடாத அருளுரையைக் கமக்காரன் நம்பமாட்டான்.

முருங்கனில் பணியாற்றிய மெதடிஸ்த குருவானவர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் 1984 டிசம்பரில் இராணுவத்தினரால் கொல்லப்பட்டார். அவரோடு மாண்ட வாகனச் சாரதி ஒரு முஸ்லிம். தமிழ்க் குருவின் இரத்தமும் முஸ்லிம் தொழிலாளியின் இரத்தமும் ஒரே இடத்தில் சிந்தின. ஆறு ஆண்டுகள் நிறையுமுன், 1990 ஒக்டோபரில், விடுதலைப் புலிகள் மன்னாரின் முஸ்லிம்களை அவர்தம் ஊர்களிலிருந்தே வெளியேற்றினர். பக்கத்து வளவில் நெருப்பெடுத்து அடுப்பு மூட்டிய உறவு ஓர் ஆணைக்கு முன் நிற்கவில்லை. இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே நினைவிற் கொள்ளாத தமிழ்க் கிறிஸ்தவன் சமூகம் என்ற சொல்லை எளிதில் உச்சரிக்கக் கூடாது. தன் இழப்புக்கு அழுவது இயல்பு. அயலானின் இழப்புக்கும் கணக்குக் கேட்பதே விசுவாசத்தின் வளர்ச்சி.

கூட்டம் தனிமனிதனின் மனச்சாட்சியை விழுங்கிவிடாதா என்று சிலர் கேட்பர். நியாயமான அச்சமே. வடக்கன்குளத்துச் சுவரும் 1990இன் ஆணையும் கூட்டத்தின் பெயராலேதான் வந்தன. எனவே ஒரு சமூகத்தை அளக்க இரண்டு கேள்விகள் போதும். அதற்குள் நின்று ஒருவன், "இது தவறு" என்று சொல்ல இடமுண்டா? அதன் பந்தியில், அதற்கு வெளியே பிறந்தவனுக்கும் இலை விழுமா? இரண்டுக்கும் ஆம் என்ற விடை கிடைக்குமிடத்தில் மனச்சாட்சி நசுங்குவதில்லை, கூர்மையடைகிறது. தனியறையில் நாம் யாவரும் பொறுமைசாலிகள், யாவரும் தியாகிகள். நம் கோபத்தையும் சுயநலத்தையும் நமக்குக் காட்டித் தருபவன், தினமும் நம்மோடு உண்டு உழைக்கும் தோழனே.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் இதில் ஒரு பாடமுண்டு. நூலறையில் சமத்துவத்தைக் கற்கலாம். அதன் சுவையை அறிய, நம்மினும் வேறான ஒருவரோடு உழைத்து, உண்டு, பிணங்கி, மீண்டும் இணங்க வேண்டும். கடவுளை நம்புவோரும் நம்பாதோரும் ஒரே வாய்க்காலைத் துப்புரவாக்கலாம். குளத்து நீர் எந்த வயலுக்கும் சமயம் கேட்டுப் பாய்வதில்லை. மடையைத் திறப்பவனும் அடைப்பவனும் மனிதனே.