ஓடும் தேரில் எது பழையது?

திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் கோயிலின் பெரிய தேர் ஏறத்தாழ 59 அடி உயரமும் 200 டன் எடையும் கொண்டது. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள், விநாயகர் தேரும் முருகர் தேரும் வலம் வந்த பிறகு, அது நிலையை விட்டுக் கிளம்பும். அதன்பின் பெண்கள் வடம் பிடிக்கும் அம்மன் தேர். கடைசியாகச் சிறுவர்கள் இழுக்கும் சண்டிகேஸ்வரர் தேர். 2024இல் பெரிய தேரின் பழுதுகள் நீக்கப்பட்டு, தீபத்துக்கு முந்தைய மாதம், நவம்பரில், மாட வீதிகளில் வெள்ளோட்டம் விடப்பட்டது. இப்படிப் பழுதுபார்க்கும் ஒவ்வொரு முறையும் எந்த மரத்தை விட்டுவைப்பது, எதைக் கழற்றுவது என்று யாரோ முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. எவ்வளவு மாற்றினாலும் அது அதே தேர்தானா என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

தேர் முழுவதும் ஒரே வயதுடையது அல்ல. கலசத்துக்குக் கீழே கோபுரம்போல் எழும் மேற்பகுதி ஆண்டுதோறும் புதிதாகக் கட்டப்படுவது. கம்புகள், சீலைகள், தொங்கும் தொம்பைகள் எல்லாம் விழா முடிந்ததும் அவிழ்த்து வைக்கப்படும். நிலையாக இருப்பது அடித்தேர்தான். அடித்தட்டான பூதப்பாரிலிருந்து சுவாமி அமரும் பீடம் வரை, கீழே குறுகி மேலே விரியும் அடுக்குகள். இலுப்பை, வேங்கை, தேக்கு போன்ற வைரம் பாய்ந்த மரங்களை ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி, முளையடித்து இறுக்கியவை. நல்ல இலுப்பை வெயிலையும் கரையானையும் நெடுங்காலம் தாங்கும். ஆனால் மழைநீர் பொருத்துவாய்களில் இறங்கித் தேங்கினால், வெளியில் ஒரு கீறலும் தெரியாமலே உள்ளே இற்றுப்போகும். ஓடும்போது மேல்கட்டு அசைகிற அசைவு முழுவதும் இந்தப் பொருத்துகளில்தான் வந்து விழுகிறது. ஆகவே தேரின் முதுமை கண்ணுக்குத் தெரியும் சிற்பங்களில் தொடங்குவதில்லை, பொருத்துகளில் தொடங்குகிறது. தேர்த் தச்சர் மரத்தைத் தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்தே உள்ளே உளுத்திருக்கிறதா என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சக்கரத்திலும் அச்சிலும் பழமை பேச இடமில்லை. மரச் சக்கரமும் மர அச்சும் மண் வீதிக்கும் அந்தக் காலத்து வேகத்துக்கும் ஏற்றவை. பள்ளத்தில் இறங்கிய மரச் சக்கரத்தை ஏற்ற ஒரு நாள் போதாமல், தேர் நடு வீதியில் நின்ற கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. திருவாரூர் ஆழித்தேர் நீண்ட காலம் ஓடாமல் இருந்து 1970இல் மீண்டும் ஓடியபோது, திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்பு அச்சுகளும் ஹைட்ராலிக் பிரேக்கும் அதில் ஏறியிருந்தன. அதன்பின் இரும்புச் சக்கரமும் பிரேக்கும் தமிழ்நாட்டின் பல பெரிய தேர்களுக்கு வந்துவிட்டன. முட்டுக்கட்டை போடுபவர் சக்கரத்தின் முன்னால் கையை நீட்டி நிற்கும் ஆபத்தும் அதனால் குறைந்தது. 2022 ஜூனில் தருமபுரி மாவட்டம் மாதேஅள்ளியில் தேர் கவிழ்ந்து உயிர்கள் போயின. ஆயிரக்கணக்கானோர் நெருங்கி நிற்கும் வீதியில், பழைய அச்சு என்பதற்காக ஓர் அச்சை விட்டுவைக்க எவருக்கும் உரிமை இல்லை.

சிற்பங்களுக்கு நியாயம் வேறு. அவை பாரம் தாங்குவதில்லை. அவற்றின் பயன் அவற்றைச் செதுக்கிய கையிலேயே இருக்கிறது. ஒரு யாளியின் முகம் சிதைந்தால் அதைப் பெயர்த்துவிட்டுப் புதியதைப் பொருத்துவதா, சிதைவோடு விடுவதா? பழங்காலக் கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான 1964இன் வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்க்கும் பகுதி முழுமையோடு இசைய வேண்டும், ஆனால் பழையதிலிருந்து பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும் என்கிறது. பழுதுபட்டதைப் புதுப்பிக்கும் கோயில் மரபான ஜீர்ணோத்தாரணம் வேறு பக்கம் நிற்கிறது: பின்னமானது வழிபாட்டுக்கு ஆகாது, குறையில்லாமல் செய்து வை என்பது அதன் கட்டளை. ஐரோப்பியக் கல் கட்டடங்களை மனத்தில் வைத்து எழுதிய விதி, மரத்தால் கட்டும் நாடுகளுக்கு அப்படியே பொருந்தாது என்ற வாதம் வலுத்தபிறகே, 1994இல் ஜப்பானின் நாரா நகரில் கூடிய அறிஞர்கள், எது அசல் என்பதை அந்தந்தப் பண்பாட்டுக்குள் வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். தேருக்கு நாரா காட்டிய இந்த வழியே பொருந்தும். ஆனாலும் வெனிஸ் சாசனம் சொன்னதில் விட்டுவிடக் கூடாதது ஒன்று உண்டு: எதை, எப்போது மாற்றினோம் என்பது பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும்.

இதே வழக்கு பொம்மைக் கார்களிலும் நடக்கிறது. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1976இல் தன் முதல் ரேடியோ கட்டுப்பாட்டுக் காரை, ஒரு போர்ஷே 934ஐ, விற்பனைக்கு விட்டது. 1984இல் வந்த ஹார்னெட் உலகெங்கும் சிறுவர் கைகளில் ஓடியது. இன்று அந்தச் சிறுவர்களே நடுவயதில் பழைய கார்களைத் தேடி வாங்கி, அதே ஆண்டின் அசல் உதிரிப்பாகம்தான் வேண்டும் என்று அலைகிறார்கள். நிறுவனமே பழைய மாதிரிகளை மறுபடி வெளியிட்டும், மறுவெளியீட்டுப் பாகம் வேறு, அசல் வேறு என்று பிரித்துப் பார்க்கிறார்கள். ஆனால் நாற்பது ஆண்டுப் பழைய ரப்பர் டயர் இறுகி வெடித்திருக்கும், ஓட்டினால் பிய்ந்துவிடும். ஆகவே அசல் பாகங்கள் எல்லாம் பொருத்தி முடித்த கார் பெரும்பாலும் அலமாரிக்குப் போகிறது. ஓடவேண்டிய கார் வேறு டயரோடு ஓடுகிறது. இரண்டையும் ஒரே காரிடம் எதிர்பார்ப்பவர் கடைசியில் இரண்டையும் இழக்கிறார்.

ஒடிசாவின் பூரியில் எது அசல் என்ற கேள்வியே எழுவதில்லை. ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவரின் தேர்களும் ஆண்டுதோறும் அட்சய திருதியை அன்று தொடங்கிப் புதிய மரத்தில் செய்யப்படுகின்றன. ஜகந்நாதரின் நந்திகோஷத்துக்கு 16 சக்கரங்கள். அந்த எண்ணிக்கை மாறாது, மரம் மட்டும் மாறும். திருவாரூர்த் தேரோ 1926இல் தீயில் எரிந்தே போனது. புதிதாகச் செய்த தேர் 1930இல் ஓடியது. எரிந்ததன் ஒரு துண்டும் அதில் இல்லை என்று சொல்லி எவரும் வடத்தை விட்டு விலகவில்லை. அதை ஆழித்தேர் ஆக்குவது அளவும், அமைப்பும், அது வலம் வரும் நான்கு வீதிகளும், இழுக்கும் ஊருந்தான்.

வயதாகிற எதற்கும் இந்தக் கணக்கு உண்டு. வீட்டையும் தொழிலையும் பழக்கத்தையும் கட்டிக் காப்பவர்கள், அப்படியே வைத்திருப்பதைத்தான் மரியாதை என்று பல சமயம் நினைத்துவிடுகிறார்கள். பயன்பாட்டிலிருந்து விலக்கிவைத்த பொருளின் பழுது எவர் கண்ணிலும் படுவதில்லை என்பதால், அது வேகமாக முற்றும். கொரோனா காலத்தில் 2020இலும் 2021இலும் திருவண்ணாமலைத் தேர்கள் மாட வீதிகளில் ஓடவில்லை. தேர் ஓடினால்தான் எந்தப் பொருத்து விலகியது, எந்தச் சக்கரம் சாய்கிறது என்பது தெரியவரும். வருடந்தோறும் ஓடுவதும், ஓடியதும் குறை பார்த்துச் சிறிது சிறிதாக மாற்றுவதும் சேர்ந்தால், தேரில் ஒரேயடியாக எல்லாவற்றையும் பெயர்க்கவேண்டிய நிலை வராது. பழைய மரம் மிகுதியாகப் பிழைத்திருப்பதும் அப்படிப் பராமரிக்கப்படும் தேரில்தான்.

மரம் பிழைத்தால் மட்டும் போதாது, அதைச் செதுக்கத் தெரிந்த கையும் வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரும் சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியும் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர்கள். மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு கல்லூரியிலும் மரச்சிற்பம் கற்பிக்கிறார்கள். சிற்பக்கலையின் இலக்கணத்தை அங்கே கற்கலாம். பல டன் பாரம் ஆடி அசையும்போது எந்தப் பொருத்து எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும், பழைய தேர் ஒன்றைப் பிரித்துச் சேர்க்கும் இடத்தில் மூத்த தச்சரின் பக்கத்தில் நின்றே கற்க முடியும். ஆகவே ஒவ்வொரு திருப்பணியும் ஒரு பள்ளிக்கூடம். அதை ஒப்பந்தப்புள்ளி, கெடு தேதி என்று மட்டும் பார்த்தால் அடுத்த தலைமுறைக்குத் தச்சர் கிடைக்கமாட்டார்.

தேர்த் திருப்பணி செய்யும் கோயில்களிடம் ஒரு வேண்டுகோள். கழற்றும் ஒவ்வொரு சிற்பப் பலகைக்கும் எண்ணிட்டுப் படமெடுங்கள், அளவெடுத்து எழுதிவையுங்கள். உளுத்ததையும் விறகோடு சேர்க்காமல் மழை படாத ஓர் அறையில் வையுங்கள். புதியதைச் செதுக்க வரும் இளைஞருக்குப் பார்த்துச் செய்ய அது வேண்டும்.