சபுர் யாருடைய கடமை?

"சபுர் செய் மகளே" என்று எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குச் சொல்வார்கள். இதையே "மகனே" என்று சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்று, கடையில் கடன் என்று திணறுகின்ற ஏழைத் தாய்க்கே இந்தப் புத்திமதி. பொறுமையின் சிறப்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒருத்தி பொறுப்பதால் மற்றவர்கள் தம் பொறுப்பிலிருந்து நழுவ முடிகின்றதென்றால், அந்தப் பொறுமையைப் புகழ்வது நீதியாகுமா?

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் குடும்ப அமைப்பு தாய்க்கு வாய்த்த வரம் என்பார்கள். தாய்வழிக் குடிமுறை, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகின்றார். பிள்ளை பெற்றவளுக்குப் பக்கத்து வளவில் மூத்தம்மா, சாச்சி, ராத்தா. அழுகின்ற பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒரு மடி இருக்கும். உண்மைதான்.

அந்த வீட்டைக் கட்டுவது யார்? வீடில்லாமல் பெண்ணுக்குக் கலியாணம் பேச முடியாது. வயலுள்ளவன் வயலை விற்பான். கூலிக்காரன் வீட்டிலோ, மூத்தவள் பெரியபிள்ளையான நாளிலிருந்து உம்மா கல்லும் சீமெந்தும் எண்ணத் தொடங்கிவிடுகின்றாள். மூன்று பெண்பிள்ளைகளென்றால் மூன்று வீடு. கடைசியில் அவளே சவூதிக்கோ குவைத்துக்கோ வீட்டுப் பணிக்குப் போகின்றாள். மகளைத் தாயருகே வைத்திருக்கும் வழக்கமே தாயைக் கடல் கடக்க வைக்கின்றது. மூத்தம்மா, முழங்கால் வலியோடு, இரண்டாம் முறையும் பிள்ளை வளர்க்கின்றாள். எமது பாடசாலைப் பெற்றோர் கூட்டங்களுக்கு மூத்தம்மாமார் தவறாமல் வருவார்கள். வாப்பாமாரைத்தான் காண்பது அரிது.

அரசும் தாயைத்தான் விசாரித்தது. 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள பெண் வெளிநாட்டுப் பணிப்பெண்ணாகச் செல்வதைத் தடுத்தது. தந்தையிடம் அப்படியோர் அறிக்கை கேட்கப்படவில்லை. 2022இல் நாடு டொலருக்குத் தவித்தபோது விதிகள் தளர்த்தப்பட்டன. டொலர் குறைந்ததும் பிள்ளைக்குத் தாயின் தேவையும் குறைந்துவிட்டதா?

சூறத்துல் பகறாவின் 233ஆம் வசனம் நமது ஆலிம்களுக்குத் தெரியாததல்ல. பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தந்தையின் கடமை. பிள்ளையைக் காரணங்காட்டித் தாயை வருத்தலாகாது, தந்தையையும்தான். பால்குடி மறக்கச் செய்வதாயினும் இருவரும் கலந்துபேசி, இருவரும் சம்மதித்தே செய்யவேண்டும். அந்த நீண்ட வசனத்தில் தாயைப் பார்த்துச் சபுர் செய் என்று ஒரு சொல் கிடையாது.

தாயின் காலடியில் சுவர்க்கம் என்று ஜும்ஆவில் உருகிப் பேசுகின்றவர்கள், இந்த வசனத்தையும் வாப்பாமாரைப் பார்த்து ஒருதரம் விளக்கலாம். வீடு கேட்காமல் மகனுக்குப் பெண்ணெடுத்த உம்மா ஒருவரை எங்களூரில் அறிவேன். அவருக்கும் கட்டிக்கொடுக்க மூன்று பெண்பிள்ளைகள் இருக்கின்றார்கள்.