கொடாததை எடுக்கலாமா?

கோலார் மாவட்டத்தின் சீனிவாசபுரம் வட்டத்தில் 45 வயதைக் கடந்த கிராமத்து மக்கள் 10,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் நோக்கத்தோடு 2018 முதல் ஓர் ஆய்வு நடந்துவருகிறது. நடத்துவது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம். மறதிநோய் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்று அறிவதற்காக ரத்தம், மரபணு, நினைவாற்றல் ஆகியவற்றோடு எம்.ஆர்.ஐ. மூளைப் படமும் சேகரிக்கப்படுகிறது. அதே மாவட்டத்தில் இருக்கும் தங்கச் சுரங்க ஊரான தங்கவயலின் பழைய பௌத்தம் இந்த ஆய்வின் முன் ஒரு கேள்வியை வைக்கிறது. அங்குள்ள மாரிக்குப்பத்தில், தமிழ்ப் பௌத்த சிந்தனையாளர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிளைவிட்டது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் பின்னாளில் ஜி. அப்பாதுரையாரின் முயற்சியால் தங்கவயலிலிருந்தே மீண்டும் வந்தது. நிலைத்த ஆன்மா என்று ஒன்றில்லை என்பது பௌத்தத்தின் அடிப்படை. அப்படியானால் மூளைக்குள் இருப்பது யாருடைய அந்தரங்கம்? காக்கப்பட வேண்டியவர் யார்?

உடைமை என்ற எண்ணத்திலிருந்து தொடங்கினால் இதற்கு விடை கிடைப்பது கடினம். என் மூளை என் சொத்து என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் என் மரபணுவில் பாதி என் பிள்ளைகளிடமும் இருக்கிறது. என் மூளையில் தெரியும் நோயின் சாயல் என் தம்பியின் எதிர்காலத்தையும் பேசிவிடும். பௌத்தம் வேறிடத்தில் தொடங்குகிறது. ஐந்து சீலங்களில் இரண்டாவது, கொடாததை எடுக்காதே என்பது. அது பொருளுக்கு உரிமையாளர் யார் என்று ஆராய்வதில்லை. எடுப்பவனின் கையைத்தான் பார்க்கிறது. துறவியர் ஒழுக்க நூலான வினயத்தில் பிக்குணிகளுக்கான விதிகள் இன்னும் நுட்பமானவை. ஒரு காரியத்துக்கென்று கொடுக்கப்பட்ட தானத்தை வேறு காரியத்துக்கு மாற்றினாலே அது குற்றம். கொடுத்தவரின் நோக்கமும் தானத்தின் ஒரு பகுதி என்பதே இதன் பொருள். ஆன்மா உண்டா இல்லையா என்ற வழக்கைத் தீர்க்காமலே மூளைப் படத்துக்கான அறத்தை இதிலிருந்து கட்டிவிடலாம்.

பெயரை நீக்கிவிட்டால் போதாதா என்பது முதல் மறுப்பு. போதாது என்பதற்குச் சான்று இருக்கிறது. 2019இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ மைய ஆய்வாளர்கள் 84 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து முகங்களை மீட்டுருவாக்கி, சாதாரண முகமறியும் மென்பொருளிடம் அவர்களின் புகைப்படங்களோடு கொடுத்தார்கள். 70 பேரை அது சரியாக அடையாளம் கண்டது. முகத்தைப் படத்திலிருந்து அழித்துவிடலாம்தான். ஆனால் 2015இல் 126 பேரின் படங்களை வைத்து நடந்த இன்னோர் ஆய்வு, மூளையின் பகுதிகள் தமக்குள் இணைந்து இயங்கும் பாங்கே ஆளுக்கு ஆள் வேறுபடும் கைரேகை போன்றது என்று காட்டியது. இதோடு ஒரு வட்டத்தின் சிற்றூர், வயது, தொழில் என்று சேர்ந்துவிட்டால் பெயரே தேவைப்படாது.

தாமே விரும்பிக் கையெழுத்திட்டவர்களுக்கு என்ன குறை, அறிவியல் வளரத் தரவைப் பகிரத்தானே வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. பகிர வேண்டும் என்பது உண்மை. மறதிநோய் ஆய்வு இதுவரை பெரும்பாலும் மேலைநாட்டு மூளைகளையே பார்த்திருக்கிறது. நம் கிராமங்களின் முதுமையை அறிய இத்தகைய ஆய்வுகள் இன்றியமையாதவை. கட்டாயப்படுத்தி மூளையைச் சோதிக்கக் கூடாது என்று கர்நாடகத்திலிருந்து சென்ற செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்துவிட்டது. இங்கே உள்ள ஆபத்து கட்டாயம் அல்ல. மனமுவந்து தந்தது வழிமாறிப் போவது. மறதிநோய்க்கென்று தந்த படம் நாளை காப்பீட்டு நிறுவனத்திடமோ வேலை தருபவரிடமோ போய்ச் சேர்ந்தால், அது கொடாததை எடுத்ததுதான். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கு நிபந்தனையோடு விலக்கு அளிக்கிறது. சட்டம் தளர்த்திய இடத்தில் அறத்தின் சுமை பெறுபவர் தோளில் கூடுகிறது.

எழுத்தறிவு குறைந்த உழைப்பாளிகளுக்கு அந்தரங்கம் பற்றியெல்லாம் கவலையில்லை என்று சொல்வோரும் உண்டு. அவர்களுக்குத் தங்கவயலின் வரலாறே பதில். 1930இல் சுரங்க நிர்வாகம் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவுசெய்ய முற்பட்டபோது, அவர்கள் குழிக்குள் இறங்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கத் திருட்டுச் சந்தேகத்திலேயே வாழ்ந்த அந்த மக்களுக்கு, உடலின் அடையாளம் அடுத்தவன் கைக்குப் போவதன் பொருள் புரிந்திருந்தது. அதை விளக்க அவர்களுக்குத் தரவியல் தேவைப்படவில்லை.

ஆகவே ஆய்வை நிறுத்தச் சொல்வது தீர்வல்ல. தானத்தின் எல்லையைக் காப்பதே தீர்வு. படங்களை வெளியே அனுப்பாமல், ஆய்வாளர் பாதுகாக்கப்பட்ட கணினிக்கு வந்து பார்த்துப் போகும் ஏற்பாடு வேண்டும். பெயர் நீக்கிய படத்திலிருந்து ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும். நோக்கம் மாறும்போதெல்லாம் கொடுத்தவரிடம் அவர் பேசும் மொழியில் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். அவர் மறுத்தால் அந்த மறுப்பையும் கொடையைப் போலவே மதிக்க வேண்டும்.