அரை அடி

ஆவடியில் எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர், பக்கத்து மனைக்குள் அரை அடி நுழைந்திருந்தது. அப்பா கட்டிய சுவர். முப்பது வருடமாக யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டம்மா மாடி கட்ட லோன் போட்டபோதுதான் சர்வேயர் வந்து அளந்தார். டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "சார், உங்க சுவர்தான் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அரை அடி அகலம், அறுபது அடி நீளம். முப்பது சதுர அடி. ஒரு டபுள் காட் போட்டால் நிறைந்துவிடும். வக்கீல் நண்பர், "12 வருஷம் தாண்டிடுச்சுல்ல? அனுபவ பாத்தியம்னு வாதாடலாம், விடாதே" என்றார்.

அந்த வாரம் நான் பாறைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். பி.காம். படித்தவனுக்குப் பாறை எதற்கு என்று கேட்காதீர்கள். உங்கள் ஊர் பெயரில் ஒரு பாறை அடுக்கு இருந்தால் நீங்களும் படிப்பீர்கள். பாலாற்றுப் படுகையில் ஸ்ரீபெரும்புதூர் அடுக்கு, ஆவடி அடுக்கு, சத்தியவேடு அடுக்கு என்று புவியியலாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். கிரெட்டேசியஸ் காலத்துச் சேறும் மணலும் இறுகிப் பாறையானவை. வயது 10 கோடி ஆண்டுகளுக்கு மேல்.

இந்தியா, ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா எல்லாம் ஒரு காலத்தில் கூட்டுக் குடும்பம். குடும்பப் பெயர் கோண்டுவானா. பிறகு பாகப்பிரிவினை. நிலம் விரிசல் விட்டது, பள்ளம் இறங்கியது. அந்தப் பள்ளத்தில் வந்து படிந்த மண்தான் இந்தப் பாறை. பங்காளி வீடான ஆப்பிரிக்காவிலும் இப்படிப் பாறைகள் உண்டு. மலாவி நாட்டில் அதே காலத்துப் பாறையில் டைனோசர் எலும்புகளே கிடைத்திருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நமக்குக் கிடைத்தவை இலைத் தடங்கள்.

நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். பின்னால் சாந்தி பப்பு குழுவினர் அகழாய்வு செய்து, மிகப் பழையவற்றுக்குச் சுமார் 15 லட்சம் வயது என்று 2011-ல் அறிவித்தார்கள். அப்போதே இங்கே ஆள் இருந்திருக்கிறான். அவன் பெயரில் பட்டா இல்லை!

இதையெல்லாம் படித்ததும் மனசு லேசாகிவிட்டது. நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்தம்மா மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இந்த மண்ணுக்குப் பத்து கோடி வயசாம். நாம எல்லாம் நேத்து வந்தவங்க. இதுல அரை அடி என்னம்மா பெரிசு?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்போ உங்களுக்கும் பெரிசில்லதானே தம்பி? சுவரைத் தள்ளிக் கட்டிடுங்களேன்."

கணக்குப் படித்தவன் நான். வரவையும் பற்றையும் ஒரே ரூபாயில்தான் எழுத வேண்டும். நானோ என் பக்கத்தை அடியிலும், அவர் பக்கத்தைக் கோடி வருடத்திலும் எழுதியிருந்தேன். அந்தக் கணக்கு எப்படி டேலி ஆகும்?

யோசித்துப் பாருங்கள். "போகும்போது என்னத்தைக் கொண்டு போகப் போறோம்?" என்ற வசனத்தை நம் வீடுகளில் யார் யாரிடம் சொல்கிறார்கள்? பெரும்பாலும் சொத்தை எடுத்துக்கொண்ட அண்ணன், பங்கு கேட்கும் தங்கையிடம் சொல்கிறார். தத்துவம் என்னவோ உண்மைதான். ஆனால் அதைச் சொல்லும் உரிமை இழந்தவருக்கு உண்டு, எடுத்தவருக்குக் கிடையாது. தங்கை சொன்னால் அது பெருந்தன்மை. அண்ணன் சொன்னால் அது வேறு.

பத்து கோடி வருடத்தில் எதுவுமே பெரிசில்லை என்பதும் சரியாகப்படவில்லை. பாறைக்கு நஷ்டம் தெரியாது. மாடிப்படிக்கு இடம் போதாமல் தவிக்கும் ஒருவருக்குத் தெரியும். அவருக்கு இருப்பது ஒரு ஆயுள். அரை அடியை அதில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

சுவரை இடித்தோம். அப்பா கட்டியது என்பதால் முதல் அடி விழும்போது கொஞ்சம் வலித்தது. "நல்லா இருக்கற சுவரை ஏன் சார் இடிக்கிறீங்க?" என்று கேட்டார் கொத்தனார். பதில் சொல்லவில்லை. அவர் புதுக் கடைக்கால் தோண்டும்போது எட்டிப் பார்த்தேன். ஆவடிப் பாறை எதுவும் கண்ணில் படவில்லை. சர்வேயர் கல்லுக்கு நேராகக் கட்டிய நூல் மட்டும் தெரிந்தது.