பாதி வழியில் நின்ற கார்கள்

1969 ஆகஸ்ட் 15 அன்று, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள பெத்தேல் என்ற சிற்றூரில் வுட்ஸ்டாக் ராக் இசைவிழா தொடங்கியது. மேக்ஸ் யாஸ்கர் என்ற பால்பண்ணைக்காரரின் மேய்ச்சல் நிலம்தான் அரங்கம். 50,000 பேர் வருவார்கள் என்று ஏற்பாட்டாளர்கள் ஊராரிடம் சொல்லியிருந்தார்கள். திரண்டவர்களோ 4 லட்சத்துக்கும் மேல்.

நண்பர்கள் கூட்டம் கூட்டமாகக் காரிலும் வேனிலும் கிளம்பியதில் நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டது. பலர் வண்டியைச் சாலையோரம் விட்டுவிட்டு, சுருட்டிய போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் நடந்தார்கள். பாடகர்களையே ஹெலிகாப்டரில் கொண்டுவர வேண்டியிருந்தது. மற்றவர்கள் வந்து சேரத் தாமதமானதால், ரிச்சி ஹேவன்ஸ் முதலில் மேடையேறினார். கைவசமிருந்த பாட்டெல்லாம் தீர்ந்த பிறகும் கூட்டம் விடவில்லை. நின்ற இடத்திலேயே கிட்டாரை மீட்டி, புதிதாக ஒன்றைக் கட்டிப் பாடினார். அவர் பெயரை நிலைநிறுத்தியது அந்தப் பாட்டுதான்.

மழை கொட்டி நிலம் சேறானது, உணவு தீர்ந்தது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சாண்ட்விச் செய்து அனுப்பினார்கள். 18ஆம் தேதி திங்கள் காலை கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்தபோது பெருங்கூட்டம் கலைந்திருந்தது. காத்திருந்தவர்களுக்கு அந்த இசை கிடைத்தது.

வண்டி நின்ற இடத்தில் எரிச்சலும் தொடங்கலாம், நடையும் தொடங்கலாம். உடன்வரும் நண்பர்கள் இருந்தால் நடையைத் தேர்ந்தெடுப்பது எளிது.